நேரலை அரட்டைக்குப் புதியவரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு இரவு, மலேசிய நேரம் 9 மணிக்கு, டெலிகிராமில் ஒரு மணி நேரம் கூடிப் பேசும் தமிழ்க் குழு எங்களுடையது. பாதிப் பேர் கோலாலம்பூர்க்காரர்கள்: செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலைப் பக்கம். மீதிப் பேர் பினாங்கு, பட்டர்வொர்த், கொஞ்சம் சென்னை, மதுரை, லண்டன். வாரத்துக்கு ஒரு தலைப்பு. நெறியாளர்களில் நானும் ஒருத்தி. புதிதாக வருகிறவர்கள் குழுவில் கேட்கக் கூச்சப்பட்டு எனக்குத் தனியாக அனுப்பும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கள் குழுவுக்கு மட்டுமில்லை, யூடியூப், எக்ஸ் (பழைய டுவிட்டர்) என்று எங்கே போனாலும் பெரும்பாலும் பொருந்தும்.

நேரலை அரட்டை என்பது வாட்ஸ்அப் குழு மாதிரிதானே?

இல்லை. வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒருவர் கேட்டதற்குச் சாயங்காலம் பதில் போடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நேரலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, நடுவில் ஒருவர் வழிநடத்துவார்.

இது பல ரூபத்தில் வரும். எங்களைப் போல எழுத்திலேயே பேசுவது ஒன்று. யூடியூபிலோ பேஸ்புக்கிலோ லைவ் ஓடும்போது பக்கத்தில் ஓடும் சாட் இன்னொன்று. எக்ஸில் ஒரு ஹேஷ்டேக்கை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட மணி நேரம் பேசுவது மூன்றாவது. அப்புறம் குரல் அரட்டை: எக்ஸ் ஸ்பேஸ், டெலிகிராம் குரல் அரட்டை. எம்சிஓ காலத்தில், அதாவது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தபோது, கிளப்ஹவுஸ் என்ற குரல் அரட்டைச் செயலியில் விடிய விடியப் பேசியவர்களுக்கு இந்தக் கடைசி வகையை விளக்க வேண்டியதில்லை. 2021 மே மாதம் அந்தச் செயலி ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது தமிழில் திறக்காத அறையே இல்லை என்கிற அளவுக்குப் பேச்சு.

புதியவர்கள் எழுத்து அரட்டையில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. அடிப்பதற்கு முன் யோசிக்க ஒரு நிமிடம் கிடைக்கும்.

செய்திகள் ஓடுகிற வேகத்தில் படிக்கவே முடியவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா?

வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இருபது வயதுப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். இருநூறு பேர் இருக்கும் அரட்டையில் எல்லா வரியையும் யாருமே படிப்பதில்லை, நெறியாளர் உட்பட. புதியவர்கள்தான் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுப் பேசலாம் என்று காத்திருப்பார்கள். அவர்கள் படித்து முடிப்பதற்குள் மணி பத்தாகிவிடும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைப்பு எதுவானாலும், உங்களுக்கு ஆர்வமாகத் தோன்றும் ஒரு வரியை எழுதியவர் ஒருவர் இருப்பார். அவருடைய செய்தியைத் தொட்டு, ‘ரிப்ளை’ அமுக்கி, அவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள். சுற்றிலும் நூறு செய்தி ஓடட்டும். நீங்கள் பதில் போட்டது அவருக்கு அறிவிப்பாகப் போய்விடும், அவர் திரும்பி எழுதினால் உங்களுக்கும் அறிவிப்பு வரும். அந்த இரண்டு பேருக்கு நடுவில் வேகம் ஒன்றும் பெரிதாக இருக்காது.

யூடியூப் சாட்டில் ஒரு விஷயம் கவனியுங்கள். சாட்டின் மேலே இரண்டு பார்வைகள் உண்டு: ஒன்று சிலவற்றை மட்டும் வடிகட்டிக் காட்டும், இன்னொன்று வருவதையெல்லாம் காட்டும். முதலில் திறப்பது வடிகட்டியதுதான். அதிலேயே இருங்கள், கண்ணுக்கு நல்லது. ஆனால் நண்பர் ஒருவர் எழுதியதாகச் சொல்லி அது உங்களுக்குத் தெரியவில்லை என்றால் மற்றதற்கு மாற்றிப் பாருங்கள்.

கூட்டம் மிஞ்சினால் நெறியாளரே வேகத்தைக் குறைப்பார். டெலிகிராமிலும் யூடியூபிலும் அதற்கு ஒரு வசதி இருக்கிறது: ஒருவர் ஒரு செய்தி போட்டால், அடுத்ததைப் போடக் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும். ‘என்னைத் தடுத்துவிட்டார்கள்’ என்று அந்த நேரத்தில் எனக்கு வரும் புகார்கள் ஏராளம். உங்களை மட்டும் இல்லை, எல்லாரையும்தான் காக்க வைத்திருக்கிறோம்.

முதல் வரி என்ன எழுதுவது?

வணக்கம் சொல்லுங்கள், எங்கிருந்து என்று ஊரைச் சொல்லுங்கள். அது போதும், பதில் வணக்கம் நாலு வந்துவிடும். சுயவிவரம் எல்லாம் வேண்டாம். ஆனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது வரிதான் முக்கியம்.

ஒரு வாரம் எங்கள் தலைப்பு ‘தோட்டத்து வீட்டுச் சமையல்’. ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் நிறையப் பேர் இருப்பதால் செய்திகள் கொட்டின. ஒருவர் எழுதினார்: ‘ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிதான் சோறு என்று பாட்டி சொல்வார். அதனாலேயே கடைசி வரை அவர் அதைத் தொடவில்லை.’ இதற்குக் கீழே வந்தவற்றைப் பாருங்கள். ‘சூப்பர்’ என்று ஒருவர். கைகூப்பும் ஸ்டிக்கர் ஒன்று. ‘அருமையான பதிவு ஐயா, பகிர்வுக்கு நன்றி’ என்று ஒருவர். அப்புறம், அன்றுதான் சேர்ந்திருந்த ஒரு பெண் கேட்டார்: ‘கிழங்கைத் தொடவில்லை சரி, துளிரையாவது சாப்பிடுவாரா? எங்கள் வீட்டில் மரவள்ளித் துளிரை அவித்து மிளகாய்ச் சம்பாலோடு சாப்பிடுவோம்.’

அவ்வளவுதான். அடுத்த கால் மணி நேரம் மரவள்ளித் துளிரைப் பற்றியே பேச்சு. அவிக்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டுமா வேண்டாமா என்று பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சண்டை. (கொட்ட வேண்டும். மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடு சேர்மம் இருக்கிறது, நன்றாக வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால்தான் குறையும்.) அந்தப் பெண் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. எழுதியவர் சொன்னதில் ஒரு சின்ன நுனியைப் பிடித்துக் கேட்டார், கூடவே தன் வீட்டு விஷயம் ஒன்றைப் போட்டார்.

‘சூப்பர்’ எழுதுவது தப்பில்லை. ஆனால் அதற்கு யாரும் பதில் எழுத முடியாது.

தைப்பூச நேரலையில் நான் கேட்பதற்கு யாருமே பதில் சொல்வதில்லை, ஏன்?

தைப்பூச நேரத்தில் நிறையப் பேர் கேட்பது இது. கோலாலம்பூரில் துன் எச்.எஸ். லீ சாலை ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் இரவே பத்துமலைக்குப் புறப்பட்டுவிடும். ஏறக்குறைய 15 கிலோமீட்டர், இரவு முழுக்க நகரும். பினாங்கில் 2017 முதல் வெள்ளி ரதத்தோடு தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் போகிறது. இதையெல்லாம் நேரலையில் பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில். சாட்டில் ‘வேல் வேல்’ என்பதுதான் விடாமல் ஓடும்.

அந்த நேரத்தில் ‘ரதம் எங்கே?’ என்று பொதுவாகக் கேட்டால் யார் கண்ணிலும் படாது. அதோடு, திரையில் நீங்கள் பார்ப்பது அந்த நொடியில் நடப்பது இல்லை. யூடியூப் நேரலை சில நொடி முதல் அரை நிமிடத்துக்கு மேலும் பிந்தி வரும். நீங்கள் கேட்டது ஒளிபரப்புபவர் கண்ணில் பட்டு, அவர் பதில் சொல்லி, அது உங்களுக்கு வந்து சேர்வதற்குள் சாட் எங்கேயோ போயிருக்கும். ஒரு நிமிடம் பொறுங்கள். அப்புறம், இடத்தைச் சொல்லிக் கேளுங்கள்: ‘செந்தூல் பக்கம் வந்துவிட்டதா? ஜாலான் ஈப்போவில் காத்திருக்கிறோம், கைக்குழந்தை இருக்கிறது.’ இப்படிக் கேட்டால் ஒளிபரப்புபவர் பார்க்காவிட்டாலும், ரதத்துக்குப் பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் பதில் போட்டுவிடுவார். நான் பார்த்த வரையில் சாட்டில் நல்ல பதில்கள் மற்ற பார்வையாளர்களிடமிருந்துதான் வருகின்றன.

யூடியூப் சாட்டில் ஒரு செய்திக்கு 200 எழுத்துக்குறிதான். கதை சொல்ல இடமில்லை.

எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. ஆங்கில எழுத்தில் அடித்தால் சிரிப்பார்களா?

இந்த நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மலாய் வழித் தேசியப் பள்ளியிலோ சீனப் பள்ளியிலோ படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் எங்கள் குழுவில் பாதி. ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பதை நாங்கள் தடுப்பதில்லை. சில குழுக்கள் தடுக்கின்றன. மேலே பின் செய்து வைத்திருக்கும் விதிகளில் அது எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துதான் வேண்டும் என்று சொல்கிற குழுவை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் முதல் நாளே ஒருவரைத் திருத்துகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. பிழையோடு எழுதுகிறவர் அடுத்த வாரமும் வருவார். திருத்தப்பட்டவர் வர மாட்டார்.

தமிழ் எழுத்தில் அடிக்க ஆசையிருந்தால் வழி எளிது. ‘அஞ்சல்’ விசைமுகத்தில் ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழ் எழுத்து விழும். முரசு அஞ்சலை உருவாக்கியவர் நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறன், 1985 வாக்கில் தொடங்கிய வேலை அது. அவருடைய செல்லினம் செயலி கைப்பேசிக்கு. அடிக்கவே பிடிக்காதவர்கள் விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள், ஊர்ப் பெயர்களை அது கண்டபடி மாற்றிவிடும்.

இன்னொன்று. நாம் ‘தாபாவ்’ (பொட்டலம் கட்டி வாங்குவது), ‘பொலே லா’ (முடியும்) என்று சாதாரணமாக அடிப்பது மதுரைக்காரருக்குப் புரியாது. கேட்டால் சொல்லுங்கள், மறைக்க வேண்டியதில்லை. அவர்கள் எழுதுவதில் நமக்குப் புரியாததும் எத்தனையோ இருக்கிறது.

முகம் தெரியாதவர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிடலாமா?

கூப்பிடலாம், ஆனால் கொஞ்சம் பொறுத்து. ப்ரொஃபைலில் முருகன் படம் இருக்கிறது என்பதற்காக ‘வணக்கம் அங்கிள்’ என்று எழுதி, அந்தப் பக்கம் இருபத்து நாலு வயதுப் பையன் இருந்தால் அன்றைக்கு அவனைக் குழுவில் எல்லாரும் அங்கிள் என்றே கூப்பிடுவார்கள். பெயரோடு ‘நீங்கள்’ போட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. மற்றவர்கள் ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். பெண்களை முதல் நாளே ‘மா’, ‘டா’ போட்டுக் கூப்பிடும் ஆட்களுக்கு மட்டும் நான் தனியாக ஒரு வரி அனுப்புவேன்.

சென்னைக் குழு ‘இரவு 8 மணி’ என்கிறது. இங்கே எத்தனை மணி?

பத்தரை. இந்தியாவும் இலங்கையும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரும் நாமும் ஒன்று. லண்டன் கோடையில் 7 மணி நேரமும் குளிர்காலத்தில் 8 மணி நேரமும் பின்னால், அதனால் அங்கே இரவு 8 என்றால் நமக்கு விடியற்காலை. யூடியூபில் முன்கூட்டியே அறிவித்த நேரலை உங்கள் கைப்பேசியின் நேரத்துக்கே மாற்றிக் காட்டும். போஸ்டரில் இருப்பதை நம்பாமல் அதைப் பாருங்கள்.

பத்து நிமிடம் முன்னால் வந்துவிடுவது நல்லது. அப்போது ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். ‘பசியாறிட்டீங்களா’ என்ற அளவில் பேச்சு போகும், பெயர் பழகும். நேரலை தொடங்கியபிறகு அந்த ஐந்தாறு பேரில் ஒருவர்தான் உங்களுக்குப் பதில் போடுவார்.

எக்ஸில் ஹேஷ்டேக் அரட்டையில் என் பதில் யாருக்கும் தெரியவில்லையாம். என்ன செய்வது?

மூன்று இடத்தில் பாருங்கள். முதலில், உங்கள் கணக்கு பூட்டியதா? பூட்டிய கணக்கில் எழுதுவது உங்களைப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும், தேடலில் வராது. இரண்டாவது, ஒவ்வொரு பதிலிலும் ஹேஷ்டேக் இருக்க வேண்டும். நடுவில் இடைவெளியோ முற்றுப்புள்ளியோ விழுந்தால் அங்கேயே அறுந்துவிடும். மூன்றாவது, மற்றவர்கள் தேடலில் புதியவை என்ற பகுதியைப் பார்க்காமல் பிரபலமானவற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஹேஷ்டேக்கே முதலில் குழுப் பேச்சுக்காக வந்ததுதான். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர் டுவிட்டரில் குழுக்களைக் குறிக்க அந்தக் குறியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். இந்த அரட்டைகளில் நெறியாளர் ‘கே1’ என்று போட்டுக் கேள்வி கேட்பார், நீங்கள் ‘ப1’ என்று தொடங்கிப் பதில் எழுதுவீர்கள். எண் போடாவிட்டால் எந்தக் கேள்விக்கு எது பதில் என்று யாருக்கும் தெரியாது.

தமிழுக்கு ஒரு கஷ்டம் உண்டு. எக்ஸில் ஒரு பதிவுக்கு 280 எழுத்துக்குறி என்ற கணக்கில் புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனியே எண்ணப்படும். ‘வணக்கம்’ நமக்கு 5 எழுத்து, அதன் கணக்கில் 7. ஆகவே பதிலை முன்கூட்டியே குறிப்பேட்டில் அடித்து அளந்து வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். கேள்விகளை முந்தின நாளே அறிவிக்கும் அரட்டைகள் நிறைய.

குரல் அரட்டையில் பேசப் பயமாக இருக்கிறது.

பேசாமல் இருக்கலாம். உள்ளே போனதும் நீங்கள் கேட்பவர்தான், மைக் மூடியே இருக்கும். பேச வேண்டுமானால் பெரும்பாலும் அனுமதி கேட்க வேண்டும், ஹோஸ்ட் திறந்துவிட வேண்டும். எக்ஸ் ஸ்பேஸில் ஹோஸ்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் 13 பேர்வரைதான் பேசுபவர்களாக இருக்க முடியும். அதனால் பேசி முடித்தவர் இறங்கிக்கொள்வது மரியாதை.

இயர்போன் போடுங்கள். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) உட்கார்ந்து பேசாதீர்கள், ‘தே ஓ ஐஸ் சத்து!’ (பாலில்லாத ஐஸ் தேநீர் ஒன்று) என்ற கூவல் உங்கள் குரலைவிடத் தெளிவாகக் கேட்கும். முடித்ததும் ‘அவ்வளவுதான், நன்றி’ என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் காத்திருப்பார்கள். அப்புறம், பதிவாகிறதா என்று தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேஸைப் பதிவு செய்தால் முடிந்தபிறகும் மற்றவர்கள் கேட்கலாம்.

என் தொலைபேசி எண் எல்லாருக்கும் தெரியுமா?

வாட்ஸ்அப் குழு என்றால் தெரியும், குழுவில் இருக்கும் எல்லாருக்கும். ஒரு குழுவில் 1,024 பேர்வரை இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். டெலிகிராமில் மறைக்கலாம்: அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், எண்ணை யார் பார்க்கலாம் என்ற இடத்தில் ‘யாரும் வேண்டாம்’ என்று வையுங்கள். குழுவில் சேர்வதற்கு முன்னாலேயே செய்யுங்கள். பேஸ்புக் லைவில் எழுதும் கமெண்ட் உங்கள் பேஸ்புக் பெயரிலேயே விழும். வேலையிடத்தில் இருப்பவர்களும் பார்ப்பார்கள்.

நேரலை முடிந்த கையோடு தனியாக ஒரு மெசேஜ் வரும், ‘நான்தான் அட்மின், குழுவில் உறுதிசெய்ய உங்களுக்கு வந்த 6 இலக்க எண்ணை அனுப்புங்கள்’ என்று. அனுப்பிவிடாதீர்கள். அந்த எண் போனால் கணக்கே போய்விடும், அடுத்த அரை மணியில் உங்கள் பெயரில் உங்கள் சித்தியிடம் ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கடன் கேட்பான். எந்த அட்மினும் எண் கேட்க மாட்டார். இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள். வங்கிப் பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் மலேசியாவின் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு.

எதைப் பேசக்கூடாது?

குழுவின் விதி ஒன்று, நாட்டுச் சட்டம் ஒன்று. இனம், சமயம், ஆட்சியாளர்கள் (மாமன்னர், சுல்தான்கள்) ஆகிய மூன்றிலும் வாய் தவறினால் மலேசியாவில் விவகாரம் பெரிதாகிவிடும். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவில் அபராதமும் சிறையும் உண்டு. நேரலைச் சூட்டில் அடித்தது என்பது சமாதானம் ஆகாது, உடனே நீக்கினாலும் யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார். சென்னைக் குழுவில் இருந்தாலும் நீங்கள் உட்கார்ந்திருப்பது இங்கேதானே.

விளம்பரம், பங்குச் சந்தை லிங்க், அறுபது பேருக்கு அனுப்பச் சொல்லும் சாமி படம் இவற்றை நாங்கள் கேட்காமலே நீக்கிவிடுவோம்.

கேட்டேன், யாரும் பதில் போடவில்லை. திரும்பப் போடலாமா?

ஒரு தடவை போடலாம், பத்து நிமிடம் கழித்து, கொஞ்சம் மாற்றி. பெரும்பாலும் உங்கள் கேள்வி பிடிக்காமல் போனதில்லை, ஓடிப்போய்விட்டது, அவ்வளவுதான். நெறியாளரை டேக் செய்து கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டோம். மூன்றாவது தடவை போட வேண்டாம். முடிந்தபிறகு அந்த ஆளிடமே குழுவில் ரிப்ளையாகக் கேட்டுவிடுங்கள், அப்போது அவருக்கு நேரம் இருக்கும்.

எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருக்கலாமா?

தாராளமாக. மாதக்கணக்கில் ஒரு வரியும் எழுதாமல் வருகிறவர்கள் உண்டு. ஒரு நாள் அவர்களுடைய ஊரோ தொழிலோ தலைப்பாக வந்துவிட்டால் அன்றைக்கு அவர்கள்தான் ராஜா.

காசு கேட்பார்களா?

எங்கள் மாதிரிக் குழுக்கள் கேட்பதில்லை. டிக்டாக் நேரலையில் பரிசு அனுப்பச் சொல்வார்கள், அது உங்கள் காசில் வாங்கிய நாணயம். அனுப்பாவிட்டாலும் சாட்டில் பேசலாம்.

பாதியில் கிளம்பினால் மரியாதைக் குறைவா?

இல்லை. ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒரு வரி போட்டால் நல்லது, போடாவிட்டாலும் பரவாயில்லை. யாரிடமாவது பேச்சுக்கு நடுவில் இருந்தால் மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குழுவைவிட்டே விலகுவதானால் வாட்ஸ்அப்பில் 2022 முதல் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகிறது, ஊருக்கெல்லாம் போகாது. ஆனால் விலகுவதற்கு முன் மியூட் செய்து பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சத்தம்தான் தொந்தரவு, குழு இல்லை.